துளை இல்லாத சைக்கிள்

பச்சையம்மாவை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழே கால், டோல்கேட் நிறுத்தம். அவளுடைய கூடையில் முப்பது கிலோ சங்கரா மீன்.

"நாத்தம் தாங்கல. எறங்கும்மா," என்றார் கண்டக்டர்.

"மீனு நாறாம மல்லியா மணக்கும்? நேத்து ராவு நீ துன்னது இன்னா?"

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். பஸ் நகரவில்லை. சிறிது நேரத்தில் சிரித்தவர்களே, "எறங்கேம்மா, டைமாவுது," என்றார்கள். இறங்கினாள். கூடையை இறக்க ஒரு கை வரவில்லை.

இருபத்திரண்டு வருடமாகக் காசிமேட்டில் ஏலம் எடுத்து கொருக்குப்பேட்டைத் தெருக்களில் விற்கிறாள். எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். ஒன்பதுக்குப் போனால் வீடுகளில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். அன்று பத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தாள், தலைச்சுமையாக.

வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. ஏதோ ஓர் ஆலையின் எண்ணெய் முகத்துவாரத்தில் கலந்து குப்பத்து வலைகள் தாரில் முக்கி எடுத்ததுபோல் ஆன வருடம், ஆலைக்காரர்கள் வந்து பள்ளிக்கூடம் போகும் பெண்களுக்கு சைக்கிள் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வலைக்கு ஒன்றும் தரவில்லை. மகள் ஜோதிகா இப்போது ரயிலில் கல்லூரிக்குப் போகிறாள். சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது. கியர், டிஸ்க் பிரேக், தடித்த டயர் எல்லாம் உண்டு. கேரியர் இல்லை. கேரியரைப் பொருத்தத் துளைகூட இல்லை. வாழ்க்கையில் எதையும் சுமக்காதவன் எவனோ தேர்ந்தெடுத்த சைக்கிள்.

பச்சையம்மாவுக்கு ஓட்ட வரும். அப்பாவின் ஐஸ்பெட்டி சைக்கிளில் குரங்குபெடல் போட்டுப் பழகியவள். டோல்கேட் பக்கத்தில் ரஷீது வைத்திருக்கும் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கேரியரு மாட்ட ஓட்டையே இல்லியே யக்கா. யாரு ஓட்டப் போறது?"

"நான்தான். முப்பது கிலோ மீனு வெக்கணும். தாங்குமா?"

"நீயா?" அவன் சிரித்தான். "தாங்கும், தாங்கும். லேடீஸ் வெக்கிற சாமான் எவ்ளோ இருந்துடப் போவுது?"

சீட்டுக்குக் கீழே உள்ள ஒற்றைக் கம்பியைக் கவ்விக்கொள்ளும் கேரியர் ஒன்றை மாட்டினான். கறுப்பாக, அழகாக இருந்தது. கால்கள் இல்லை. அந்தரத்தில் நீட்டிய கைபோல் நின்றது.

மறுநாள் டோல்கேட் சிக்னலில் அது இடப்பக்கம் திரும்பித் தொங்கியது. கூடை சரிந்தது. பின்னால் வந்த கண்டெய்னர் லாரியால் நிறுத்த முடியவில்லை. அத்தனை சக்கரங்களும் சங்கரா மேல் ஏறிப் போயின.

அவள் அழவில்லை. கேரியரைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஆங்கிலத்தில் ஏதோ, நடுவில் ஓர் எண்ணோடு, பொறித்திருந்தது. அவளுக்கு ஆங்கிலம் வராது. எண் வரும்.

நேராகக் கடைக்குப் போனாள்.

"பாய், இது இன்னா நம்பரு?"

"பத்து கிலோ."

"நான் எத்தினி சொன்னேன்?"

ரஷீது ஸ்பேனரைத் துடைத்தான்.

"வாயத் தொற."

"முப்பது."

"காதுல வுய்ந்துகீது. அப்பால ஏன் இத்த மாட்டின?"

"சும்மா சொல்றேன்னு நெனச்சேன் யக்கா."

"இருவத்திரண்டு வருசமா தலையில தூக்கினு திரியறவ சும்மா சொல்வாளா?"

எதிரே டீக்கடை நெல்சன் குரல் கொடுத்தான். "பாய், இன்னிக்கு ஒன்னியத்தான் கொயம்பு வெக்கப் போவுது!"

அவள் மேலே பார்த்தாள். கடைக் கூரையில் பால்காரர்கள் மாட்டும் பழைய இரும்பு கேரியர் ஒன்று தொங்கியது. இரண்டு பக்கமும் கால்கள்.

"அத்த எறக்கு."

"அதுக்கு ஓட்டை வோணும் யக்கா."

"காலு ரெண்டும் சக்கரத்து அச்சுல நிக்கட்டும். பாரம் அங்க போயிடும். மேல ஆடாம புடிச்சிக்கத்தான கிளிப்பு?"

ரஷீது தகரக் கிளிப்புகளைக் கொண்டுவந்தான். அவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். மீன் தண்ணீர் ஒழுகினால் இரண்டு மாதத்தில் துரு தின்றுவிடும். குப்பத்துக்குப் போய், கணவன் சுப்புராயனின் படகுப் பெட்டியிலிருந்து நான்கு வளையங்களை எடுத்துவந்தாள். எஞ்சினின் தண்ணீர்க் குழாயை இறுக்குபவை. கடலிலேயே துருப்பிடிக்காதவை.

ரஷீது பின்சட்டத்தில் டியூப் ரப்பரைச் சுற்றி, அதன்மேல் கேரியரை வளையங்களால் இறுக்கினான். இடப்பக்கம் டிஸ்க் பிரேக் கேரியரின் காலை இடித்தது. சிறு குழாய்த்துண்டை இடையில் கொடுத்து அச்சு நட்டைப் பூட்டினான். அவள் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தினி கிலோ கீற?"

"நானா? எழுவத்திரண்டு."

"ஏறி ஒக்காரு."

"யக்கா, ரோட்டுல எல்லாரும்..."

"ஒக்காரு."

உட்கார்ந்தான். நெல்சன் விசில் அடித்தான். அவள் மிதித்தாள். முதலில் ஹேண்டில் உதறியது, பிறகு அடங்கியது. சிக்னலில் தாரோடு ஒட்டிய செதில்கள் இன்னும் மினுங்கின.

"எறக்கி வுடு யக்கா. மானம் போவுது."

"என் மீனு போச்சே, அது?"

அவள் நிறுத்தவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்ததால்தான் நின்றாள். ரஷீது இறங்கிக் குந்தி, வளையங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"ஒண்ணும் நவுரல," என்றான்.

"நடந்து வா," என்று அவள் சைக்கிளை டோல்கேட் பக்கம் திருப்பினாள்.