ரேடியோவின் அம்மா கேட்டது

அவளை ஆபீஸில் எல்லாரும் வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்போது அவள் வக்கீல் இல்லை. பகலில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, மாலையில் சட்டக் கல்லூரிக்கு ஓடுகிறவள். முப்பது வயதைத் தாண்டிய பிறகு எதற்கு இந்தப் படிப்பு என்று அவளுடைய அக்கா கேட்டபோது, "பகல் முழுக்க வாயை மூடிக்கிட்டு இருக்கேன், வேற எங்கயாவது பேசணும்ல" என்றாள். அக்கா அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

வாயை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான் அது. ஊர் உலகமெல்லாம் செல்போனில் எடுத்து ஏற்றிவிடுகிற வீடியோக்களில், யார் கண்ணிலும் படக் கூடாதவற்றைப் பார்த்து நீக்க வேண்டும். முதலில் இயந்திரம் வடிகட்டும். அதற்குப் பிடிபடாதது மனிதக் கண்ணுக்கு வரும். அடிதடி, விபத்து, வாயில்லா ஜீவன்களை வதைப்பது, குழந்தைகளுக்கு நடக்கிற கொடுமை. பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், பட்டனை அமுக்க வேண்டும். மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். சேரும்போதே ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என்ன வேலை என்று வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது, பெற்றவர்களிடம்கூட. வேலையை விட்ட பிறகும் அப்படித்தான். கேட்டால் 'டேட்டா வேலை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

பக்கத்து இருக்கையில் இருந்தவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். வாய் ஓயாது. பட்டனை அமுக்கிக்கொண்டே கிரிக்கெட் பேசுவான், மேனேஜர் நடப்பது போல நடந்து காட்டுவான், காபி மெஷினுக்குப் புதுசு புதுசாகப் பட்டம் கொடுப்பான். அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்ததும் அவன்தான். "வக்கீல், நாளைக்கு இவனுங்கமேல கேஸ் போட்டா எனக்கு ஃபீஸ் கிடையாது, சொல்லிட்டேன்" என்பான். அவன் பேச்சுதான் அந்த வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் மூச்சு விட ஒரு ஜன்னல்.

ஒரு கட்டத்தில் அவன் பேச்சு குறைந்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பேட்டரி தீந்துபோச்சா?" என்று கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகள் சம்பந்தப்பட்ட வீடியோக்கள் வருகிற வரிசைக்கு அவனை மாற்றியிருந்தார்கள். வேறு வரிசை கேட்டு மேனேஜரிடம் போனான். ஆள் பற்றாக்குறை, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்பினார். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, "தூக்கமே வர மாட்டேங்குது வக்கீல். கண்ண மூடினா மறுபடியும் ஷிஃப்ட் ஆரம்பிச்சுடுது" என்றான்.

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லாமல், "டாக்டர்கிட்ட போயேன்" என்றாள்.

"போய் என்னன்னு சொல்றது? அதத்தான் சொல்லக் கூடாதே" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

சில வாரங்களுக்குப் பிறகு, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், நேரான சாலையில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் ஸ்கூட்டரோடு போய் மோதினான். நல்ல வெளிச்சம் இருந்தது. பிரேக் பிடித்த தடமே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஓட்டும்போதே கண் அசந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

ஆபீஸிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் அவன் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு அறை வீடு. செருப்புகள் வாசலில் குவிந்து கிடந்தன. ரேடியோவின் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "நீங்கல்லாம் அவன்கூட வேலை பாத்தவங்களா? அவன் என்னப்பா வேலை பாத்தான்?" என்று கேட்டார்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மேனேஜர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேட்டா வேலைம்மா. ரொம்ப நல்ல பையன்" என்றார்.

வக்கீல் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, அந்த அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ ஒரு பொம்பளப் பிள்ள. உன்கிட்ட கேக்கறேன், மறைக்காம சொல்லு. அவன் ஏதாவது தப்பான வேலை பண்ணிக்கிட்டு இருந்தானா?"

"ஐயோ, என்னம்மா இது..."

"கேட்டா வாயே திறக்க மாட்டான். வீட்டுக்கு வந்ததும் கைய தேச்சுத் தேச்சுக் கழுவுவான். அவன் அக்கா குழந்தைன்னா உயிர விடுவான், இப்ப கொஞ்ச நாளா அதத் தூக்கவே இல்ல. கிட்ட வந்தா நகந்து போயிடறான். என் மகளே ஒரு நாள், 'அம்மா, இவன் என்னவோ மறைக்கறான், எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொன்னா. நானும் அவன ஒரு மாதிரியாத்தான் பாத்தேன். அந்தப் பார்வை அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்மா."

வக்கீலுக்கு உண்மை தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் கண் முன்னால் வந்து நின்றது; அந்தச் சம்பளத்தில் நடக்கிற வீடும், அக்காவும், பாதியில் நிற்கிற படிப்பும் வந்து நின்றன. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கம்ப்யூட்டர் வேலைதான்" என்றாள். அந்த அம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நம்பாமல் தலையை ஆட்டினார்.

வேன் திரும்பியது. அந்தப் பிள்ளை செத்ததோடு போகவில்லை, பெற்றவள் மனத்தில் குற்றவாளியாகவும் கிடக்கிறான் என்பதுதான் அவளைக் குடைந்தது.

அந்த ஆண்டு சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்துகிற இதழில், தொழில்நுட்பமும் சட்டமும் பற்றிச் சிறப்பிதழ் போடுவதாக அறிவிப்பு வந்தது. மற்றவர்கள் செயற்கை நுண்ணறிவு, முகத்தை அடையாளம் காணும் கேமரா என்று தலைப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டபோது, இவள் எழுதிக் கொடுத்த தலைப்பு: 'வாய்ப்பூட்டு யாரைக் காக்கிறது?' வீடியோக்களை வடிகட்டும் தொழிலாளர்களின் ரகசிய ஒப்பந்தம் பற்றியது. ஒரு நிறுவனம் தன் தொழில் ரகசியத்தைக் காக்கலாம், படம் ஏற்றியவர்களின் அந்தரங்கத்தையும் காக்கலாம். ஆனால் பார்த்தவனின் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆயிற்று என்பது நிறுவனத்தின் சொத்தாக எப்படி ஆகும்? அவன் மருத்துவரிடம் சொல்ல முடியாதா? அவன் இறந்த பிறகு, பெற்றவர்கள் கேட்டால் பதில் சொல்ல யாருக்குக் கடமை? நூலக மேஜையில் தலை நிமிராமல் எழுதினாள். வேறு நாடுகளில் இதே வேலை செய்தவர்கள் போட்ட வழக்குகளையெல்லாம் தேடிப் பிடித்தாள். அவளுக்குச் சட்டம் படிப்பது முதல் முறையாகச் சொந்த வேலையாகத் தோன்றியது.

இதழின் எடிட்டர், அவளைவிடப் பத்து வயது இளைய மாணவி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஒரு கமாவைக்கூட விடாமல் பார்க்கிறவள்.

"அக்கா, கட்டுரை பிரமாதம். ஆனா இந்த ஒரு பாரா இடிக்குது. 'தூக்கத்தில் மறுபடியும் வேலை தொடங்கிவிடுகிறது'ன்னு எழுதியிருக்கீங்க. ஆதாரம் எங்க? அடிக்குறிப்பே இல்லையே?"

"ஆதாரம் நான்தான்."

எடிட்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க அந்த வேலையா பாக்கறீங்க?" என்றாள்.

வக்கீல் தலையசைத்தாள்.

"அக்கா, அப்ப ரெண்டே வழிதான். அந்தப் பாராவ எடுத்துடலாம், கட்டுரைக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. இல்லன்னா, 'இதை எழுதியவர் இந்த வேலையைச் செய்பவர்'னு வெளிப்படையா போடணும். ரெண்டுங்கெட்டானா விட முடியாது. ஆனா போட்டா உங்களுக்குப் பிரச்சனை வரும்ல?"

"வரும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். நிறுவனத்தின் பெயர் இல்லை, ரேடியோவின் பெயர் இல்லை. எழுதியவர் இந்த வேலையைச் செய்பவர் என்ற ஒரு வரி மட்டும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வந்தது. அவ்வளவு பொடி எழுத்தையும் யாரோ படித்துவிட்டார்கள். இதழ் வெளியான மாதமே நிர்வாகம் அவளைக் கூப்பிட்டது. கட்டுரையின் நகல் மேஜையில் இருந்தது; அந்த வரியை மஞ்சள் மையில் குறித்திருந்தார்கள். நிர்வாகி, வயதில் அவளை ஒத்த பெண், கோபப்படவே இல்லை. "எனக்குப் புரியுது மேடம். ஆனா கையெழுத்து கையெழுத்துதானே" என்று மட்டும் சொன்னார். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

கண்ணாடிக் கட்டடத்திலிருந்து வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி ரேடியோவின் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவளை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"அம்மா, அன்னிக்கு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் சொல்லவில்லை, சொல்லக் கூடியதைச் சொன்னாள். குழந்தைகளை வதைக்கிறவர்கள் எடுக்கிற படங்களை வேறு யாரும் பார்த்துவிடாதபடி எடுத்துப் போடுகிற வேலை அது என்றாள். அவன் புகார் எழுதி அனுப்பிய ஒரு படத்தால் ஒரு குழந்தையைக் கண்டுபிடித்து மீட்டதாக ஒரு முறை மேலிடத்திலிருந்து தகவல் வந்தது, அன்றைக்கு அவன் எல்லாருக்கும் காபி பிடித்துக் கொடுத்தான் என்றாள். கை கழுவியது எதற்கு, அக்கா குழந்தையைத் தூக்காமல் இருந்தது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்த மட்டும் சொன்னாள். "நானும் என் அக்கா குழந்தையத் தூக்கறதில்லம்மா. தூக்கினா, பாத்ததெல்லாம் வந்து நடுவுல நிக்கும்."

அந்த அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தார். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

"அப்ப என் பிள்ள தப்புப் பண்ணல."

"இல்லம்மா. தப்பத் தடுக்கற இடத்துல உக்காந்திருந்தான்."

"அவன் சாப்பிடாம எழுந்து போனப்பல்லாம் நான் திட்டினேனே" என்றார். பிறகுதான் அழ ஆரம்பித்தார். சாவு வீட்டில் அழுததைவிடப் பெரிய அழுகை. அவள் எதற்காக வந்தாளோ அது இதுதானா, நல்லது செய்துவிட்டோமா, ஆறிக்கொண்டிருந்ததைக் கீறிவிட்டோமா என்று வக்கீலுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நஷ்டஈடு கேட்டு நிறுவனத்தின்மேல் வழக்குப் போடுவது என்று முடிவு செய்தது அந்த அம்மாதான். கட்டுரையைப் படித்த ஒரு தொழிலாளர் வழக்கறிஞர் தானாகவே முன்வந்தார். இதற்குள் வக்கீலும் சட்டப் பட்டம் வாங்கி அவரிடமே ஜூனியராகச் சேர்ந்திருந்தாள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நிறுவனத்தின் தரப்பு ஒரே பாட்டைப் பாடியது: விபத்து நடந்தது சாலையில், வேலை முடிந்த பிறகு, தூக்கமின்மைக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், மருத்துவச் சான்று எங்கே? அவன் மருத்துவரிடம் போகவே இல்லை. போயிருந்தால் ஒப்பந்தத்தை மீறியிருப்பான். இந்த வேடிக்கையை வழக்கறிஞர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்.

தீர்ப்பு நாளில் அந்த அம்மா நீதிமன்றத்துக்குக் குளித்து முழுகி, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வேலைக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் தீர்ப்பின் கடைசிப் பகுதியில், ஊழியர் தன் உடல்நிலையையும் மனநிலையையும் பற்றி மருத்துவரிடமோ குடும்பத்தாரிடமோ பேசுவதை ஒப்பந்தம் தடுக்க முடியாது என்று ஒரு வரி இருந்தது. மாணவர் இதழின் பெயரும் கட்டுரையின் தலைப்பும் அதில் இருந்தன. எடிட்டர் அன்றைக்குப் போன் செய்து சந்தோஷத்தில் கத்தினாள். வக்கீலுக்குக் கத்த வரவில்லை.

நீதிமன்றத்து மரப் பெஞ்சில் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். "தோத்துட்டமா?" என்று கேட்டார்.

"தோத்துட்டோம்மா. ஆனா ஒண்ணு கிடைச்சிருக்கு. அந்த வேலை பாக்கறவங்க இனிமே வீட்டுல சொல்லலாம். டாக்டர்கிட்ட சொல்லலாம். யாரும் கேக்க முடியாது."

அந்த அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"இப்ப அவன் நாற்காலில யார் உக்காந்திருக்கா?"

"தெரியலம்மா. யாராவது இருப்பாங்க."

"அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காங்களா?"

வக்கீல் தீர்ப்பின் நகலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பினாள். படிக்கட்டில் கூட்டம் நெரிந்தது. அடுத்த வழக்குக்காரர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் ஓரமாக ஒதுங்கி, ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.