ஜெர்மன் அணிக்கு வேண்டிக்கொண்ட மொட்டை

எங்கள் மாமா கே.ஜி.கண்டிகைக்கும் திருத்தணிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவின் பின்னால் நீல நிறத்தில் ஒரு சின்னம் வரைந்திருந்தது. ஏறுகிறவர்கள் அதை ஏதோ புதுக் கட்சி என்று நினைத்தார்கள். ஜெர்மன் கால்பந்து லீகில் ஆடும் ஓர் அணியின் சின்னம் அது. சனிக்கிழமை சாயங்காலமானால் மாமா சவாரியை நிறுத்திவிட்டுச் செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார், பக்கத்தில் நான். அந்த லீகில் வருஷா வருஷம் ஒரே சிவப்புச் சட்டை அணிதான் கோப்பையைத் தூக்கும். "புடிக்கிறதுதான் புடிச்ச, ஜெயிக்கிறவனப் புடிக்கக்கூடாதா?" என்று நைனா, அதாவது என் அப்பா, கேட்பார். மாமா சிரித்துக்கொள்வார்.

எனக்கு எட்டு வயதான வருஷம் மாமாவின் அணி பட்டியலில் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே கடைசியில் வருகிறவர்களைக் கீழ் லீகுக்கு இறக்கிவிடுவார்களாம், நாலாம் வகுப்பில் ஃபெயிலானவனை மூன்றாம் வகுப்புக்கே திருப்பி அனுப்புவது போல. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் தப்பிக்கலாம். மாமா மலைக்குப் போய், ஜெயித்தால் மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். அடுத்த வாரம் கனகம்மாசத்திரத்தில் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது.

"ஏன்டா, உன் கல்யாணத்துக்கு வேண்டிக்கன்னா, மூஞ்சி தெரியாத ஜெர்மன்காரனுக்கு வேண்டிகினு வந்து நிக்கிற! மொட்டத் தலையோட போனா எவன்டா பொண்ணு குடுப்பான்?"

அதோடு விட்டாளா? அந்த அணி தோற்க வேண்டும் என்று அதே முருகனிடம் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு. முருகன் யார் பக்கம் சாய்வாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

மாமாவின் அணி தோற்றது. அம்மா கற்பூரம் ஏற்றப் போனாள். நான் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க நீலச் சட்டைகள், ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படிகளில் நிற்கும் கூட்டம் போல. ஆட்டக்காரர்கள் புல்லில் குப்புற விழுந்து கிடந்தார்கள். கூட்டம் திட்டப்போகிறது, எதையாவது எடுத்து எறியப்போகிறது என்று நினைத்தேன். அவர்களோ கழுத்தில் சுற்றியிருந்த நீலத் துண்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். வயதானவர்கள் கண்ணீர் வழியப் பாடினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. தோற்றவர்களுக்கு இப்படியும் செய்வார்களா என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

மறுநாள் காலை மாமா மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தோத்துட்டாங்களே மாமா, அப்புறம் எதுக்கு மொட்டை?" என்று கேட்டேன்.

"ஆங், தோத்துட்டாங்க பாப்பா," என்றார். அவ்வளவுதான். வேண்டுதல் முறைகூடத் தெரியாதவர் என்று முடிவுகட்டி, அவர் சார்பில் நானே முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கனகம்மாசத்திரத்தில் சந்தனத் தலையைக் கண்டு பெண் வீட்டாருக்கு ஒரே சந்தோஷம், பக்தியுள்ள பிள்ளையென்று. "இன்னா வேண்டுதலுங்க? நெறவேறிச்சுங்களா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். அம்மா பேச்சை மாற்றுவதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நெறவேறலீங்க. எங்க டீம் தோத்துப்போச்சு. இருந்தாலும் போட்டுகினேன்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நைனாகூட வாயைப் பொத்திக்கொண்டார். காப்பித் தட்டோடு நின்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்துவிட்டு, "எனுக்குப் புடிச்சிருக்குதுப்பா," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

கால்பந்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத எங்கள் அத்தை, அந்தப் பதிலில் அப்படி எதைக் கண்டு சம்மதித்தார் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.