முதல் பக்கம் இல்லாத இதழ்கள்

நடேசு அண்ணை இல்லையாம்.

காலையில் அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னார். "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு பல் விளக்கினேன், தேத்தண்ணி குடித்தேன். இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை.

நெடுந்தீவு ஆள். யாழ்ப்பாணத்தில் ஒரே கந்தோரில் பல வருடம் எனக்குப் பக்கத்துக் கதிரை. சம்பளப் பகுதி கிளார்க்.

அவரிடம் இரண்டு அலுமாரி நிறையச் சிற்றிதழ்களும் ஓவியக் கண்காட்சிக் கையேடுகளும் இருந்தது சிலருக்குத்தான் தெரியும். நூறு பிரதி மட்டும் அடித்தவை, ரோணியோ மெசினில் உருட்டியவை... வேறு எங்கும் கிடைக்காது.

ஒருமுறை விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

"ஐசே, இது டெலிபோன் டிரெக்டரி இல்லை. எச்சில் தொடாதையும்." பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவர் ரிட்டையர் ஆகி ஊரோடு போனபின், நான் நெடுந்தீவுக்குப் போய் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணத் தொடங்கினேன். பார்த்தால், ஒன்றிலும் முதல் பக்கம் இல்லை. எனக்குச் சரியான கோபம். சேகரிக்கிற மனிசன் செய்கிற வேலையா இது என்று கேட்டேவிட்டேன்.

"நான்தான் கிழிச்சனான். அதிலதானே எல்லாற்ற பேரும் விலாசமும் கிடந்தது. ஆமி செக்பொயின்ற் தாண்டி எப்பிடிக் கொண்டு வாறது?"

உள்ளே முழுக்கப் புனைபெயர். யார் எழுதியது, யார் வரைந்தது என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் மட்டும்தான்.

"எழுதிக்கொள்ளும். ஞாபகம் இருக்கேக்கையே சொல்லிப்போடுறன்."

ஒவ்வொரு அட்டையாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். ஒரு அலுமாரி முடிந்தது.

போன சனிக்கிழமை அவரே போன் எடுத்தார்.

"வாறீரோ? மற்ற அலுமாரியில கிடந்ததெல்லாம் மேசையில எடுத்து வைச்சிருக்கிறன்."

எனக்குப் பஞ்சி, எழும்பிப் போக அலுப்பு. வேறு ஒரு காரணமும் இல்லை.

"சரியான காத்து அண்ணை... குறிகட்டுவான் துறையில இருந்து போட் ஓடேல்லையாம்."



"ஓம், காத்துத்தான்" என்றார். "அடுத்த கிழமை பாப்பம்."

அவருடைய வீடு இறங்குதுறைக்கு நேர் எதிரே. கதிரையில் இருந்தபடியே வருகிற போட் எல்லாம் தெரியும். அன்றைக்கு எல்லா போட்டும் ஓடியது.

அழுகை வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாளைக்குச் செத்தவீடு. முதல் போட்டில் வருகிறேன், அண்ணை.