முப்பது நாள் சீட்டு

எங்கள் அண்ணிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், சீட்டு எழுதுவாள். கத்துவதற்குத்தான் வீட்டில் நான் இருக்கிறேனே.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் லிப்ட் பழுது பார்ப்பவன். அண்ணி துணிகளை ஆல்டரேஷன் செய்பவள். நான் அண்ணனின் தங்கை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குப்பிகளுக்கு எண் எழுதி ஒட்டுகிறவள். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். அண்ணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எட்டு வருஷமாகிறது. வாயாடி என்றால்தான் நான் திரும்பிப் பார்ப்பேன் என்பது அவள் கட்சி.

பதினான்கு வருஷம் அவள் இன்னொருவர் கடையில் தைத்தாள். யாராவது வேலையைப் பாராட்டினால் முதலாளி "எல்லாம் நம்ம கைதான்" என்பார். கை இவளுடையது, கல்லா அவருடையது. ஒரு நாள் கூலியைக் கூட்டிக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "வேணும்னா நீயே ஒரு கடை போட்டுக்கோயேம்மா" என்றார். அண்ணி தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் எங்கள் வீட்டு முன்னறையிலேயே மெஷினைப் போட்டாள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. அண்ணன் ஊரெல்லாம் லிப்ட் சரி செய்கிறான். எங்கள் கட்டடத்தில் லிப்டே கிடையாது. ஒரு பேன்ட்டை உயரம் குறைக்க எவன் மூன்று மாடி ஏறி வருவான்? வந்தவர்களும் மூச்சு வாங்கிக்கொண்டே பேரம் பேசினார்கள்.

அப்போதுதான் கீழே தெருவைப் பார்த்த கடையில் இருந்த கடிகாரம் பழுது பார்ப்பவர், எட்டு மாதத்தில் காலி செய்யப்போவதாகச் சொன்னார். அண்ணி அன்றைக்கே வீட்டுக்கார அம்மாளிடம் போய் நின்றாள்.

"உனக்குத் தர்றதுல எனக்குச் சந்தோஷம்தான்மா. ஆனா அட்வான்ஸ் மொத்தமா வேணும். எட்டாம் மாசம் கடைசித் தேதிக்குள்ள வெச்சுட்டா கடை உன்னுது. இல்லேன்னா போன் கவர் விக்கிறவன் ஒருத்தன் பணத்தோட நிக்கிறான்."

அட்வான்ஸ் என்றால் அண்ணனின் ஐந்து மாதச் சம்பளம். கேட்டதும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அண்ணி ஊசிகள் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, துடைத்து, சமையலறை அலமாரியில் வைத்தாள். அந்த டப்பாவில் பிஸ்கட் இருந்ததை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. "இனிமே இதுல பணம் மட்டும்தான்" என்றாள்.

மறுநாள் காலை சமையலறைச் சுவரில் ஒரு பழைய கம்பளித் துண்டு ஆணியடித்துத் தொங்கியது. ஆல்டரேஷனுக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்துவார்கள் இல்லையா? என்ன செய்ய வேண்டும், என்றைக்குத் தர வேண்டும் என்று அதில் இருக்கும். அதே சீட்டுக் கட்டைத்தான் கையில் வைத்திருந்தாள்.

"வாடகை, அரிசி, கரண்ட், பஸ்ஸு, மருந்து. இதுக்குச் சீட்டு வேண்டாம். மத்தபடி எது வேணும்னாலும் எழுதிக் குத்துங்க. இன்னையிலேர்ந்து முப்பது நாள் தள்ளித் தேதி போடணும். தேதி வந்ததும் நான் ஒரே கேள்விதான் கேப்பேன். அது இல்லாம இந்த முப்பது நாள்ல என்ன கெட்டுப்போச்சு? பதில் இருந்தா வாங்கலாம். இல்லேன்னா சீட்டைக் கிழிச்சுட்டு, அந்தப் பணம் டப்பாவுக்கு."

"அதென்ன முப்பது?" என்றேன்.

"ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்னு சும்மாவா சொன்னாங்க. நமக்கு அறுபது நாளெல்லாம் கட்டுப்படியாகாது."

அண்ணன் முதல் ஆளாக 'ஷூ' என்று எழுதினான். அண்ணி அவன் பழைய ஷூவை எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஓட்டை. "எண்ணெய்ப் பிசுக்குல நிக்கிற மனுஷன் நீங்க. இதுக்கு முப்பது நாள் காத்திருந்தா வழுக்கி விழுந்துதான் பதில் சொல்லணும்" என்று அன்றைக்கே வாங்கித் தந்தாள். எனக்கு உடனே தைரியம் வந்துவிட்டது. 'போன்' என்று எழுதிக் குத்தினேன். என் போனில் கண்ணாடி கீறல் விட்டு, பேசும்போது கன்னத்தைப் பிராண்டும்.

முப்பதாம் நாள் அண்ணி கேட்டாள். "என்ன கெட்டுப்போச்சு?"

"கன்னம் கெட்டுப்போச்சு!"

அவள் போனை வாங்கி, அகலமான ஒட்டு நாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். தையல்காரி ஒட்டினால் நாடாகூட இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. சீட்டைக் கிழித்துவிட்டாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. மிகுதி நேர வேலைக்கு எனக்குக் கொஞ்சம் தனிக் கூலி வரும். அதை டப்பாவில் போட வேண்டும் என்பது பேச்சு. நான் போடவில்லை. என் கைப்பையின் உள்ளறையில் சேர்த்தேன். போன் எனக்குத் தேவை, அதைப் புரிந்துகொள்ளாதவளிடம் நான் ஏன் கணக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். எனக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

ஆறு மாதம் இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓடியது. அண்ணனின் சாயங்கால டீ கிழிந்தது. என் செருப்பு இரண்டு முறை தைக்கப்பட்டது. டப்பா மட்டும் கனத்தது. இன்னும் இரண்டு மாதம் இதே போல் ஓட்டினால் எட்டிவிடலாம் என்று அண்ணன்கூட நம்ப ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில் பக்கத்துத் தெருப் பெரிய அடுக்ககத்தின் செக்யூரிட்டிகள் ஆறு பேருக்குப் புது யூனிபார்ம் பேன்ட் வந்தது. ஆறையும் உயரம் குறைக்க அண்ணியிடம் கொடுத்தார் மேற்பார்வையாளர். இது நன்றாக வந்தால் அவர்கள் கம்பெனியின் மொத்த வேலையும் இவளுக்குத்தான் என்றார். அன்று எனக்கு விடுமுறை. அவள் ஒவ்வொருவரையும் நிற்க வைத்து அளந்து சொல்லச் சொல்ல, நான் சீட்டு எழுதினேன். ஆறு பேரில் ஒருவர் குள்ளம், அவருக்கு முப்பத்துமூன்று அங்குலம். ஒருவர் பனைமரம், அவருக்கு முப்பத்தெட்டு.

இரண்டு நாள் கழித்துப் பனைமரம் மூன்று மாடியையும் எட்டு எட்டில் ஏறி வந்து வாசலில் நின்றார். பேன்ட் கெண்டைக்காலோடு முடிந்துவிட்டது.

"அக்கா, இது முழுக்காலா அரைக்காலா? கேட்டுல நிக்கிறேன், ஸ்கூல் பசங்க எல்லாம் சிரிக்குது."

அண்ணி எழுந்து நின்றாள். முகம் செத்துவிட்டது. வெட்டின துணி வளராது. உள்மடிப்பைப் பிரித்தாலும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கிடைக்காது, போனது ஐந்து. அவருக்குத் தண்ணீர் கொடுத்து, "நாளைக்குக் காலையில புதுப் பேன்ட்டு உங்க கேட்டுக்கே வந்துரும் தம்பி" என்று சொல்லி அனுப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்திமூணுன்னு ஏண்டி எழுதினே?"

"நானா? முப்பத்தெட்டுன்னுதான் எழுதினேன்!"

"நீ எழுதற எட்டே அப்படித்தான். வயிறே ஒட்டிப்போயிருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாள் ஒன்றுக்கு இருநூறு குப்பிக்கு எண் எழுதுகிறவள் நான். என் எட்டு மூன்றாகத் தெரிந்தால் ஒருவர் சர்க்கரை இன்னொருவர் தலையில் விழும். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. குப்பைக் கூடையைக் கவிழ்த்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். "படிங்க" என்று அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள். கொஞ்சம் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். கை முழுக்க நீண்டுவிட்டது, அதற்கு மேல் நீட்டக் கையில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"மூணுதானே?" என்றாள். இந்த முறை குரலில் உறுதி இல்லை.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்க ஒரு வாரமாக என்னைக் கூப்பிட்டது, பருப்பில் கல் வந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. சமையலறைக்குப் போய்ச் சுவரிலிருந்த கம்பளியைப் பார்த்தேன். எங்கள் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில், சுவர் ஓரமாக, அண்ணியின் எழுத்தில் ஒன்று இருந்தது. 'கண்ணாடி.' அதன் கீழே ஒரு தேதி, அடித்திருந்தது. இன்னொரு தேதி, அதுவும் அடித்திருந்தது. நான்கு முறை அடித்து ஐந்தாவது தேதி போட்டிருந்தாள். எந்த வாடிக்கையாளரிடமும் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லாத தையல்காரி, தன் கண்ணை நான்கு மாதமாக நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"இது என்ன அண்ணி?" சீட்டை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

"தள்ளிப்போட்டேன். கடைய எடுத்துட்டு வாங்கிக்கலாம்னு. ஒண்ணும் கெட்டுப்போகலையே."

"ஒண்ணும் கெட்டுப்போகலையா? அஞ்சு அங்குலம் போச்சு! கம்பெனி வேலை போச்சு! உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணாங்கறது..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். சீட்டைப் பார்த்தான். "கண்ணு கெட்ட பின்னால கடை எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டான். அண்ணி மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எட்டு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"டப்பாவுல கைய வெச்சா கடை போயிரும்ங்க. ஷூ உங்களுக்குத் தேவை. என்னுது எல்லாம் எனக்கு ஆசையாத்தான் தெரிஞ்சுது."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. உள்ளே போய்க் கைப்பையைக் கொண்டுவந்து உள்ளறையை அவள் மடியில் கொட்டினேன். ஆறு மாதப் பணம்.

"ஏதுடி இது?"

சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு முதலில் என்னைத் திட்டினாள். நன்றாக, வஞ்சனையில்லாமல் திட்டினாள். திருடி என்றாள், கல்லுளிமங்கி என்றாள். நான் முதல் முறையாக எதிர்த்துப் பேசவில்லை. தன் தேவையை ஆசை என்று ஒளித்தவள் முன்னால், ஆசையைத் தேவை என்று ஒளித்தவளுக்கு என்ன பேச்சு இருக்கிறது? வெட்கமாக இருந்தது. திட்டி முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "செருப்ப மாட்டு. கடை சாத்தறதுக்குள்ள போகணும்" என்றாள்.

கண்ணாடிக் கடையில் தங்கக் கோடு போட்ட பிரேமை விற்பனைக்காரர் எடுத்து நீட்டினார். "கண்ணாடி தேவை தம்பி, கோடு ஆசை" என்று கறுப்பு பிரேமைக் காட்டினாள். ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். வரும் வழியில் அதே நிறத் துணி எடுத்தோம். பனைமரத்தின் பேன்ட்டை அன்றைக்கே வெட்டித் தைத்தாள். மறுநாள் காலை அவளே அடுக்ககத்து வாசலுக்கு எடுத்துப்போய், "என் கண்ணு செஞ்ச தப்பு தம்பி. காசு வேண்டாம்" என்று கொடுத்தாள்.

மேற்பார்வையாளர் மசியவில்லை. கம்பெனி வேலை போனது போனதுதான். வீட்டுக்கு வந்தவள் கண்ணாடியோடு தன் பழைய தையல்களைப் பார்த்தாள். "அய்யய்யோ, இதையா குடுத்தனுப்பினேன்?" என்று கடந்த மாதத்து வாடிக்கையாளர் மூன்று பேரை வரவழைத்து, காசு வாங்காமல் பிரித்துத் தைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. கடைசித் தேதிக்கு ஏழு வாரம்தான் இருந்தது.

ஆனால் பனைமரம் நிற்பது கேட்டில் அல்லவா? போகிற வருகிறவர்களிடம் அவர் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "அஞ்சு அங்குலம் கொறைச்சுட்டாங்க சார், ஆனா விடியறதுக்குள்ள புதுசே தெச்சு வாசல்ல கொண்டாந்து குடுத்தாங்க." அந்த அடுக்ககத்தில் இருநூறு வீடு. மாடி ஏற முடியாதவர்கள் துணியை அவரிடமே விட்டுப் போனார்கள். அண்ணன் வேலை முடிந்து வரும்போது மூட்டையாகத் தூக்கி வந்தான். நான் மிகுதி நேரக் கூலியை, எல்லோரும் பார்க்க, டப்பாவில் போட்டேன். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணி டப்பாவோடு வீட்டுக்கார அம்மாளிடம் போனாள். ஒரு காசு குறையவில்லை.

இப்போது கீழே பலகை தொங்குகிறது: 'உயரம் குறைக்கப்படும், அகலம் கூட்டப்படும்.' கம்பளித் துண்டும் கடைச் சுவருக்கு இறங்கி வந்துவிட்டது. சட்டம் மட்டும் மாறிவிட்டது. அண்ணியே மாற்றினாள். "அவங்கவங்க சீட்டை அவங்கவங்க எழுதக் கூடாது. பக்கத்துல இருக்கறவங்க பாத்து எழுதணும்."

கடை திறந்த அன்று அவள் குத்திய முதல் சீட்டு, 'வாயாடிக்குப் போன்.' முப்பதாம் நாள் நான் வேலை முடிந்து வந்ததும் கேட்டாள்.

"சொல்லு. என்ன கெட்டுப்போச்சு?"

நாடா ஒட்டிய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொய் சொல்ல எனக்கா வராது? பத்துப் பதில் நாக்கு நுனியில் நின்றது.

"ஒண்ணும் கெடலை அண்ணி" என்று நானே சீட்டைக் கிழித்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினாள். கடிகாரக்காரர் விட்டுப்போன முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தையல் போடுவாள், இடுப்பில் கை வைத்து நிமிர்வாள், மறுபடி குனிவாள். எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. சீட்டுக் கட்டை எடுத்து, 'முதுகு சாய ஒரு நாற்காலி' என்று எழுதி அவள் முன்னால் நீட்டினேன்.

"அதெல்லாம் ஆசைடி. மெதுவா வாங்கிக்கலாம். தேதி என்ன போட்டிருக்கே?"

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிங்க."

போட்டுக்கொண்டு படித்தாள். அன்றைய தேதிதான் போட்டிருந்தேன்.