இஸ்பேட் ஆறும் ஏழும்

என் மனைவி காய்கறி வாங்கப் போன பாசாரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எனக்கு அவளுடைய தம்பி போன் செய்தான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பான் என நினைத்தேன்.

"மச்சான், பெட் நம்பர் என்னா?"

எங்கள் கிள்ளான் பட்டணத்தில் இதற்கெல்லாம் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். லோரி கவிழ்ந்தால் பிளேட் நம்பர், ஆள் விழுந்தால் பெட் நம்பர். அதை வைத்து நாலு நம்பர் லாட்டரி எடுக்காவிட்டால் சிலருக்குச் சோறு இறங்காது. "அறுபத்தேழு" என்று சொல்லிவிட்டு, வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினேன். திட்டி என்ன, அந்த எண் என் மண்டைக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெரிய செலவில்லை. ஆனால் இடுப்பில் வைக்கிற இரும்புக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் கட்டினால் புதன்கிழமை ஆபரேஷன். கட்டாவிட்டால் அந்த நாள் வேறு ஆளுக்குப் போய்விடும். என்னிடம் பாதிதான் இருந்தது. கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் கேட்டு, எல்லோரும் கையை விரித்தாகிவிட்டது. ஞாயிறு காலை அந்தப் பாதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லோரிக்காரர்கள் போக்கர் ஆடும் ஒரு வீட்டுக்குப் போனேன். புத்தி கெட்ட வேலைதான். தெரிந்தேதான் போனேன்.

எனக்கு ஆடத் தெரியாமல் இல்லை. போர்ட் கிள்ளானில் கொண்டெய்னருக்காக லோரி வரிசையில் மணிக்கணக்காகக் கிடக்கும்போது, போனில் காசில்லாமல் ஆடி ஆடிக் கற்றவன். கைக்கு இரண்டு சீட்டு வரும். மேசை நடுவில் ஐந்து சீட்டு விழும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஏஸ், கிங் என்று பெரிய ஜோடி வந்தால் எவனும் ஆடுவான். ஒரே ஜாதியில் ஆறும் ஏழும் மாதிரி சின்னச் சீட்டு வருகிறதே, அதைத்தான் நான் பிஞ்சு என்பேன். நடுவில் விழுகிற சீட்டோடு சேர்ந்தால் பழம். சேராவிட்டால் குப்பை.

பிஞ்சைத் தொட எனக்கென்று சட்டம் வைத்திருந்தேன். உள்ளே போகச் செலவு கம்மியாக இருக்க வேண்டும். நாலைந்து பேர் ஆட்டத்தில் இருக்க வேண்டும், பழுத்தால் அத்தனை பேரும் கொடுப்பார்கள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் பந்தயம் பேசுகிற இடம் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தோற்றாலும் வலிக்காத அளவு நம் முன்னால் காசுக்கு மாற்றிய சிப்ஸ் இருக்க வேண்டும். பிஞ்சு வசதியுள்ளவன் விளையாட்டு. கழுத்துவரை தண்ணீர் வந்தவன் அதைத் தொடவே கூடாது.

மத்தியானத்துக்குள் கொண்டுபோனதில் முக்கால்வாசி கரைந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் முதலில் பேச வேண்டியவன் நான். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். இஸ்பேட் ஆறு, இஸ்பேட் ஏழு.

அறுபத்தேழு. அவள் பெட்!

ஐயோ, அந்த நிமிடம் என் சட்டம் எல்லாம் எங்கே போனது? தூக்கிப் போட வேண்டிய சீட்டைக் கும்பிடாத குறையாகப் பிடித்துக்கொண்டேன். எதிரே இருந்த டேங்கர் டிரைவர் பந்தயத்தைப் பெரிதாக ஏற்றினான். மற்ற நாலு பேரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். நானும் அவனும்தான். அப்போதாவது போட்டிருக்கலாம். போடவில்லை.

நடுவில் மூன்று சீட்டு விழுந்தது. ஆட்டின் கிங், இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் இரண்டு. இன்னும் ஒரே ஒரு இஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே ஜாதி, என் கைதான் பெரிசு. மூன்று தடவைக்கு ஒரு தடவை வரும், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மிச்சமிருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன்.

அடுத்தது டைமன் நாலு. கடைசியில் ஆறு வந்தது, அதுவும் ஆட்டின். அவன் கிங் ஜோடியைக் காட்டினான்.

"என்னாண்ணே, ஆறு ஏழை வச்சிக்கிட்டு முதல் ஆளா உள்ள வந்திருக்கீங்க? வச்சா குடுமி, அடிச்சா மொட்டையா லா!" என்று சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனேன். அறுபத்தேழில் யாரோ ஒரு சீனப் பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். வார்டு முழுக்க அவளைத் தேடினேன்.

"இங்கங்க!" ஜன்னல் பக்கத்திலிருந்து என் மனைவி கையை ஆட்டினாள். "காலையிலயே மாத்திட்டாங்க. இது பன்னெண்டாம் நம்பர். காத்து நல்லா வருது."

காலையிலேயே! நான் அந்தச் சீட்டைக் கையில் எடுக்கும் முன்பே அவள் அங்கே இல்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"நாளைக்கு காசு கட்டிட்டா புதன்கிழமை கண்டிப்பா பண்ணிடுவாங்களாம். நர்ஸ் சொன்னாங்க" என்றாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"சீட்டு ஆடிட்டேன்மா. தோத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் போர்வைக்கு அடியில் அசையாமல் கிடந்த தன் காலையே பார்த்தாள்.

"அப்ப நான் எப்பங்க நடப்பேன்?"