பிலோமினா ஒடித்துக் காட்டிய நாடா

அவலூர்பேட்டைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பிலோமினாவின் தம்பி சேவியர் போன் செய்தார். "அக்கா பூட்டாங்க. சாயந்திரம் எடுக்கிறோம், வந்துடுங்க." பையைக் கடையிலேயே வைத்துவிட்டுச் செஞ்சிக்குப் பஸ் ஏறினேன். அடக்கத்தின்போது, எங்களோடு வேலை பார்த்த நீங்களெல்லாம் என்னைப் பேசச் சொன்னீர்கள். பேசாமலே திரும்பிவிட்டேன். அவள் இருக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் சென்னையில் ஒரே ஆய்வகத்தில் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். உருகிய உலோகக் கலவையை, வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின்மீது அவள் பீய்ச்சுவாள். கண்ணிமைப்பதற்குள் அது உறைந்து மெல்லிய நாடாவாக வந்து விழும். "ஆற டைம் குடுத்தா அணுவெல்லாம் ரேஷன் கடையாட்டம் வரிசை கட்டிடும்டி. நிக்கவே உடக் கூடாது" என்பாள். அப்படி ஒழுங்கில்லாமல் உறைந்த நாடாவில் ஒயர் ஒட்டி, திரவ ஹீலியத்தில் குளிர்வித்து, எந்தக் குளிரில் அதன் மின்தடை அடியோடு மறைந்து அது மீக்கடத்தியாகிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தச் சக்கரத்தை வேறு யாரும் துடைக்கக்கூட விடமாட்டாள். அந்த விஷயத்தில் சரியான சிடுமூஞ்சி.

ஒருமுறை மின்தடை ஒரேயடியாக விழாமல் இரண்டு படியாக இறங்கியது. புதிதாக எதையோ கண்டுவிட்டேன் என்று தலைகால் புரியாமல் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டேன். என் வேலை நிரந்தரமாவது அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

பிலோமினா நாடாவைக் கையில் வாங்கினாள். "ஒயர எத்த வச்சிடி ஒட்டுன?"

"சால்டரிங்தான்."

"அடிப்பாவி, சூடு வச்சிட்டியா?"

நாடாவின் நடுப்பகுதியை விரலில் சுற்றினாள், வளைந்தது. நான் ஒயர் ஒட்டிய இடத்தை வளைத்தாள், பட்டென்று ஒடிந்தது. சூட்டில் அந்த இடத்தில் மட்டும் அணுக்கள் வரிசை கட்டிவிட்டிருந்தன. அந்த இடம் ஒரு குளிரிலும் மற்ற இடம் வேறொரு குளிரிலும் மாறியதுதான் அந்த இரண்டு படி. என் புதுக் கண்டுபிடிப்பு அவ்வளவுதான். "இன்னிக்கே லெட்டர் எழுதி வாபஸ் வாங்கிடு" என்றாள்.

வாங்கினேன். ஆனால் பிழையை நானே கண்டுபிடித்ததாகக் கடிதத்தில் எழுதினேன். தன் தப்பைத் தானே சொன்னவள் என்று எல்லோரும் மெச்சினார்கள், வேலையும் நிரந்தரமானது. என்னை மேடையில் அறிமுகப்படுத்தும்போது உங்களில் பலர் அந்தக் கதையைத்தான் சொல்வீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பிலோமினாவும் கேட்டிருக்கிறாள்.  அப்போதும் நான் உண்மையைச் சொன்னதில்லை.

அவள் படுக்கையில் விழுந்தபின் செஞ்சிக்குப் பார்க்கப் போயிருந்தேன். "எல்லார்கிட்டயும் உண்மைய சொல்லிடட்டுமாடி?" என்று கேட்டேன். கஞ்சியை ஊதிக் குடித்துக்கொண்டே, "சொல்றவளா இருந்தா என்னைக் கேட்டுக்கினு இருக்க மாட்ட" என்றாள்.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவள் பிலோமினா.