தொடைக்குக் கீழே இரண்டு கைகள்

மகள் ஊதும் கொம்பில் அழுத்துவதற்கு விசைகள் கிடையாது. வளைத்துச் சுருட்டிய பித்தளைக் குழாய், அவ்வளவுதான். உதடும், குழாயின் அகன்ற வாய்க்குள் நுழைந்த வலக்கையும் சேர்ந்துதான் சுரத்தைப் பிடிக்க வேண்டும். பழைய சிம்பொனிகளை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசித்துப் பதிவு செய்யும் ஒரு சிறிய இசைக்குழு, தன் கொம்புக்காரர் கை முறிந்து படுத்ததால் அவளைக் கூப்பிட்டது. இந்த ஒன்று நன்றாக அமைந்தால் மீதிச் சிம்பொனிகளுக்கும் அவள்தான் என்று பேச்சு.

பதிவு நடந்த தேவாலயம், ரூ பஜோல் வீதியில் இருக்கும் எங்கள் மரக்கறிக் கடைக்குப் பின் தெருவில். கடைசி நாள் எங்களையும் வரச் சொன்னாள். இரைச்சல் பதிவாகும் என்று ஹீட்டரை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். ஆனால் பலகைத் தரை கிறீச்சிடாதபடி சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள். என் கணவருக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. கோயில் மாதிரியே இருக்கிறதென்று தானும் கழற்றி, நாங்கள் இருந்த வாங்கின் கீழே சோடியாக வைத்தார்.

மூன்றாம் பகுதியின் நடுவில் கொம்புகள் முன்னுக்கு வரும் இடம். முதல் தடவை அவளுடைய சுரம் உடைந்தது. இரண்டாம் தடவை அருமையாக வந்தது; நான் மூச்சை விட்டேன். ஆனால் ஒலிப்பதிவாளர் ஒலிபெருக்கியில், ஏதோ தட்டும் சத்தம் கேட்கிறது என்றார். கதிரைகளைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். அந்தத் தட்டு கொஞ்சமும் தாளம் தவறாமல் விழுகிறது என்று அவர் சொன்னதும், எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

இவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையை இழுத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

“நான் அடிக்கேல்லை. அது தானா விழுகுது.”

அதைப் பார்த்து இசைக்குழுத் தலைவி சிரித்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. குளிர்ந்த பித்தளையை அழுத்தி அழுத்தி அவள் உதடு சிவந்திருந்தது. காலுறையோடு எங்களிடம் நடந்து வந்தாள். வீட்டில் நாங்கள் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லுகிறவள் அன்று தமிழில் பேசினாள்.

“அப்பா, கைக்கு மேலை ஏறி இருங்கோ. இன்னும் ஒருக்காத்தான் என்ரை சொண்டு தாங்கும்.”

இவர் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து இருந்தார்.

வாசித்தார்கள். மகளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து விறைத்திருந்தது. காலுறைக்குள் பெருவிரல் மட்டும் ஏறி இறங்கியது. கடைசிச் சுரம் கூரை வளைவில் கரையும் வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவாளர் “சே போன்”, சரியாக வந்துவிட்டது என்றார்.

தலைவி மகளின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். மகள் எங்களிடம் வந்தபோது, இவர் சப்பாத்து நாடாவைக் கட்டத் தெண்டித்துக்கொண்டிருந்தார். கைகள் விறைத்துப் போயிருந்தன. அவளே முழங்காலில் நின்று கட்டினாள். கட்டியபடியே, மீதிச் சிம்பொனிகளுக்கும் தான்தான் என்றாள்.

அப்படியென்றால் அடுத்த முறையும் வரலாமா என்று இவர் கேட்டார்.

“ஓம், வாங்கோ. மொத்தமான கையுறை போட்டுக்கொண்டு வாங்கோ.”

மறுநாள் காலையிலேயே கம்பளிக் கையுறை வாங்கி வந்து, கல்லாவின் பின்னால் இருந்து தொடையில் தட்டிப் பார்த்தார். எனக்குக் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கவில்லை.